கம்பைலர் மறுக்கும்போது: பெயரை நம்புவதா, சோதித்து அறிவதா?

ஒரு கணிப்பொறி மொழியை ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திற்குக் கொண்டு செல்வது, புத்தகம் ஒன்றை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்புவதைப் போன்ற எளிய காரியமன்று. அம்மொழியின் மூல நிரல் ஓர் எழுத்தும் குறையாமல் வந்து சேரும். ஆனால் அதனைப் புதிய இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தரவேண்டிய கம்பைலர் என்னும் புரோகிராம், முதற்கோப்பிலேயே நின்று, ‘இந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை’ என்றோ, ‘இந்தக் கோப்பு காணப்படவில்லை’ என்றோ கூறி மேலே செல்ல மறுத்துவிடக்கூடும். பழைய இயந்திரத்தில் பல ஆண்டுகள் குறைவின்றி ஓடிய அதே நிரல் புதிய இடத்தில் மறுக்கப்படும்போது, களத்தில் பணிபுரியும் ஊழியரும் வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரும் திகைத்து நிற்பது இயல்பே.

இந்நிலையில் இருவகைப் பரிகாரங்கள் கையாளப்பட்டு வருகின்றன. இயங்குதளத்தின் பெயர் இன்னதானால் இவ்வாறு செய்க என்று மூல நிரலில் ஒரு விதிவிலக்கை எழுதிச் சேர்ப்பது ஒரு வகை. மொழிக்குத் தேவையான ஒரு வசதி இந்த இயந்திரத்தில் உண்டா, இல்லையா என்பதைச் சிறிய சோதனையால் கண்டறிந்து, அதன் விடைக்கேற்ப நிரலை அமைப்பது மற்றொரு வகை. முதல் வகைப் பரிகாரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே அதனையே பலரும் நாடுகின்றனர். ஆயினும் யூனிக்ஸ் வரலாற்றின் அனுபவம் இரண்டாம் வகையையே ஆதரிக்கிறது. கல்விக்கூடங்களிலும் களத்திலும் அதனையே வழக்கமாக்குவதும், அவ்வாறு கண்ட திருத்தத்தை மொழியின் பொது மூலத்திற்குத் திருப்பி அனுப்புவதும் இன்றியமையாதவை. இதற்குரிய காரணங்களை ஆராய்வது பயனுடையது.

யூனிக்ஸ் பலவான வரலாறு

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை அமைக்கத் தொடங்கினர். முதலில் அது பிடிபி-7 என்ற கணிப்பொறியின் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டிருந்தது. அம்மொழி அந்தப் பொறிக்கே உரியதாகையால், வேறொரு பொறிக்குச் செல்ல வேண்டுமானால் யாவற்றையும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ரிட்சி உருவாக்கிய சி மொழியில் 1973ஆம் ஆண்டில் யூனிக்ஸின் கருப்பகுதி திரும்ப எழுதப்பட்டபோது இந்தத் தளை தளர்ந்தது. 1977ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதனை இன்டர்டேட்டா 7/32 என்ற பொறிக்குக் கொண்டு சென்றார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்ஸனும் ரிட்சியும் இன்டர்டேட்டா 8/32 என்ற பொறிக்கு அதனை மாற்றியமைத்தனர்.

இந்த முயற்சிகளில் வெளிப்பட்ட ஒரு வேடிக்கையான குறை இன்றும் பேசப்படுகிறது. பிடிபி-11 பொறியில் இரண்டு எழுத்துகள் சேர்ந்த ஒரு சொல்லின் தாழ்ந்த பகுதி நினைவகத்தில் முதலில் வைக்கப்படும். வேறு சில பொறிகளில் உயர்ந்த பகுதி முதலில் வைக்கப்படும். இதனால் யூ, என், ஐ, எக்ஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி, என், யூ, எக்ஸ், ஐ என்று அச்சாகுமாம். பைட் வரிசை என்னும் இந்த வேறுபாட்டுக்கு ‘நக்ஸி பிரச்னை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பொறியில் உண்மையாக இருப்பதை எல்லாப் பொறிகளுக்கும் உண்மை என்று எண்ணியதே இக்குறைக்குக் காரணம்.

பின்னர் யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிஎஸ்டி என்னும் கிளை வளர்ந்தது. ஏடி அண்டு டி நிறுவனம் 1983ஆம் ஆண்டில் சிஸ்டம் 5 என்னும் கிளையை வெளியிட்டது. சன், ஹியூலெட் பேக்கார்டு, ஐபிஎம், டிஜிட்டல் முதலிய உற்பத்தியாளர்கள் தத்தம் பொறிகளுக்கேற்ற யூனிக்ஸ் வகைகளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இவற்றுக்கிடையே ஒற்றுமையை நிலைநாட்ட 1988ஆம் ஆண்டில் போசிக்ஸ் என்னும் நியமமும், 1989ஆம் ஆண்டில் அமெரிக்க நியம நிறுவனத்தின் சி மொழி நியமமும் வெளியாயின. 1991இல் தோன்றிய லினக்ஸ், யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி எழுந்த மற்றொரு பெரிய கிளை. ஒரு யூனிக்ஸில் கட்டாயம் இருக்கவேண்டியவற்றை நியமங்கள் வரையறுக்கின்றனவேயன்றி, அதற்கு மேற்பட்டு ஒவ்வொருவரும் சேர்த்துக்கொண்டவற்றை அவை தடுப்பதில்லை. கம்பைல் செய்கையில் எழும் தடைகளுள் பெரும்பாலானவை இந்த மேற்பட்ட பகுதியிலேயே பிறக்கின்றன.

தடை தோன்றும் நான்கு படிகள்

மூல நிரல், ஓடும் புரோகிராமாக மாறுவதற்குள் பல படிகளைக் கடக்கிறது. எந்தப் படியில் தடை எழுந்தது என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடினாலும், முதல் பிழைச் செய்தியையே ஊன்றிப் படித்தல் வேண்டும். பின்னர் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

முதற்படியில் ஹெடர் கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. நிரல் பயன்படுத்தும் செயற்கூறுகளின் அறிவிப்புகள் இக்கோப்புகளில் அடங்கியுள்ளன. நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறும் மல்லாக் என்னும் செயற்கூறை உதாரணமாகக் கொள்ளலாம். லினக்ஸில் இதன் அறிவிப்பு மல்லாக்.எச் என்ற கோப்பிலும் கிடைக்கும். அதே கோப்பை ஃப்ரீபிஎஸ்டியில் கோரினால், அதற்குப் பதிலாக ஸ்டிட்லிப்.எச் கோப்பைப் பயன்படுத்துமாறு கூறிக் கம்பைலர் நின்றுவிடும். ஸ்டிட்லிப்.எச் என்பது சி நியமத்தில் இடம்பெற்ற கோப்பு; அதனைச் சேர்த்தால் இரண்டு இடங்களிலும் தடையிராது.

இரண்டாம் படியில் நிரலின் இலக்கணமும், தரவு வகைகளின் பொருத்தமும் ஆராயப்படுகின்றன. ஒரு செயற்கூறு எங்கும் அறிவிக்கப்படாவிடில், அது முழு எண் ஒன்றைத் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர்கள் தாமாகவே கருதிக்கொண்டன. முழு எண்ணும் நினைவக முகவரியும் 32 பிட் அளவினவாக இருந்த பொறிகளில் இதனால் தீங்கு வெளிப்படவில்லை. 64 பிட் யூனிக்ஸ் பொறிகளிலோ முகவரி 64 பிட்களும் முழு எண் 32 பிட்களும் கொண்டவை. மல்லாக் தரும் முகவரியின் ஒரு பாதி இழக்கப்பட்டு, புரோகிராம் இடையில் வீழ்ந்துவிடும். 1999ஆம் ஆண்டின் சி நியமம் இந்தப் பழைய சலுகையை நீக்கிவிட்டது.

மூன்றாம் படியில் லிங்கர் என்னும் புரோகிராம், பிரித்துப் பிரித்துக் கம்பைல் செய்யப்பட்ட பகுதிகளையும் லைப்ரரிகளையும் இணைக்கிறது. நிரலில் குற்றம் ஏதுமில்லை. அது வேண்டும் செயற்கூறு எந்த லைப்ரரியில் உள்ளது என்பதே இங்கு எழும் கேள்வி. வலைத் தொடர்புக்குரிய சாக்கெட் செயற்கூறுகள் லினக்ஸில் அடிப்படை லைப்ரரியிலேயே அடங்கியுள்ளன; சோலாரிஸில் நெடுங்காலம் அவற்றுக்குத் தனி லைப்ரரிகளைக் குறிப்பிட வேண்டியிருந்தது. ஓடும்போதே ஒரு பகுதியை ஏற்றிக்கொள்ளும் செயற்கூறு, லினக்ஸில் பல ஆண்டுகள் தனி லைப்ரரியில் இருந்தது. 2021இல் வெளியான கிலிப்சி 2.34 பதிப்பில்தான் அது அடிப்படை லைப்ரரியோடு சேர்க்கப்பட்டது. இத்தகைய பிழையைக் கண்டவுடன் மூல நிரலைத் திருத்தத் தொடங்குவது வீண் வேலையாகும்.

நான்காம் படியில் கம்பைலரும் லிங்கரும் யாதொரு குறையும் கூறாமல் பணியை முடித்துவிடுகின்றன. ஓடும்போதுதான் பிழை தெரிகிறது. மிகவும் அஞ்சத்தக்கது இதுவே. கோப்பிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் கெட்சார் என்னும் செயற்கூறு, கோப்பு முடிந்ததும் ஒரு குறை எண்ணைத் தரும். அதனைச் ‘சார்’ என்னும் எழுத்து வகையில் சேமித்துவிட்டு, பின்னர் அக்குறை எண்ணோடு ஒப்பிடுவது தொன்றுதொட்டு நிகழும் தவறு. இன்டெல் வகைப் பொறிகளில் எழுத்து வகை குறை எண்களையும் ஏற்பதால், அத்தவறு பெரும்பாலும் மறைந்தே கிடக்கும். குறை எண்ணை ஏற்காத பொறியிலோ ஒப்பீடு ஒருபோதும் நிறைவேறாது. கோப்பு முடிந்த பின்னும் புரோகிராம் முடிவின்றிச் சுழன்றுகொண்டேயிருக்கும். செயற்கூறு தரும் விடையை முழு எண் வகையிலேயே சேமிப்பது இதற்குரிய திருத்தம். அவ்வாறு திருத்தினால் எந்தப் பொறியின் பெயரையும் குறிப்பிட வேண்டிய அவசியமே எழாது.

பெயரை நம்புவதன் தீங்கு

மேற்கூறிய தடைகளுள் எதனையும், இது இன்ன இயங்குதளம் என்று பெயர் சுட்டி ஒரு நிபந்தனை எழுதித் தற்காலிகமாகக் கடந்துவிடலாம். இஃப்டெஃப் என்ற கட்டளை அதற்கு வசதியளிக்கிறது. ஆனால் பெயர் தரும் செய்தி மிகக் குறைவு என்பதற்குச் சான்றுகள் பல.

ஆர்ம் என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் லினக்ஸ் ஓடும்போது எழுத்து வகை குறை எண்ணை ஏற்பதில்லை; அதே செயலியின்மேல் ஆப்பிளின் மேக் இயங்குதளம் ஓடும்போது ஏற்கிறது. செயலியின் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்த நிரல் ஓரிடத்தில் தவறியே தீரும். இயங்குதளத்தின் பெயரைக் கேட்டாலும் நிலைமை சிறப்பதில்லை. பிழை எண்களுக்குரிய செய்திகளின் அட்டவணையை நேரே எடுத்துக்கொள்ளும் பழைய வழியைப் பல புரோகிராம்கள் பின்பற்றி வந்தன. 2020ஆம் ஆண்டில் வெளியான கிலிப்சி 2.32 பதிப்பு முதல், புதிதாக லிங்க் செய்யப்படும் புரோகிராம்களுக்கு அந்த அட்டவணை கிடைப்பதில்லை. லினக்ஸ் என்ற பெயர் மாறவில்லை. அப்பெயரால் உறுதி செய்யப்பட்டதாகக் கருதிய வசதி மறைந்துவிட்டது. ஆல்பைன் முதலிய லினக்ஸ் வகைகள் கிலிப்சியைப் பயன்படுத்தாமல், 2011இல் வெளியான மஸல் என்னும் வேறொரு லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. இந்த லைப்ரரியை அமைத்தவர்கள் அதன் பெயரைக் கம்பைலருக்கு அறிவிக்கும் குறியீடு எதனையும் வேண்டுமென்றே வைக்கவில்லை. வசதியைச் சோதிக்காமல் பெயரைக் கேட்டு முடிவு செய்வது பிழையான வழக்கம் என்பதே அவர்கள் கூறும் காரணம்.

ஹென்றி ஸ்பென்ஸர், ஜெஃப் காலியர் என்னும் இருவர் 1992ஆம் ஆண்டில் யூஸ்நிக்ஸ் மகாநாட்டில் படித்த கட்டுரை இத்துறையில் புகழ் பெற்றது. சி நியூஸ் என்ற புரோகிராமைப் பலவகை யூனிக்ஸ்களில் ஓடச் செய்த அனுபவத்தைக் கொண்டு, நிரல் முழுவதும் இஃப்டெஃப் நிபந்தனைகளைத் தூவுவது தீமை பயக்கும் என்று அவர்கள் வாதிட்டனர். ஒரு நிபந்தனை இரண்டு வடிவங்களை உண்டாக்குகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பத்து நிபந்தனைகள் ஆயிரத்து இருபத்து நான்கு வடிவங்களை உண்டாக்கக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் ஒருமுறையேனும் கம்பைல் செய்து பார்த்திருக்கமாட்டார். அத்தகைய நிரலைப் பின்னர் பராமரிக்க வருபவர் எதனை நீக்கலாம், எதனை நீக்கக்கூடாது என்று அறிய இயலாமல் அவதியுறுவார்.

பெர்ல் மொழி கையாண்ட முறை

இதற்கு மாறான வழியைப் பெர்ல் மொழியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. லாரி வால் என்பவர் 1987ஆம் ஆண்டு டிசம்பரில் இம்மொழியின் முதற்பதிப்பை வெளியிட்டார். அக்காலத்தில் யூனிக்ஸ் வகைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கிடையிலான வேற்றுமையும் மிகுந்திருந்தன. பெர்லின் மூல நிரலோடு கான்ஃபிகர் என்னும் ஷெல் புரோகிராம் ஒன்றும் அனுப்பப்பட்டது. 1984இல் அவர் வெளியிட்ட ஆர்என் என்ற செய்தி வாசிக்கும் புரோகிராமிலேயே இம்முறை கையாளப்பட்டிருந்தது. இந்தக் கான்ஃபிகர் புதிய இயந்திரத்தில் முதலில் ஓடி, ஒவ்வொரு வசதியையும் பற்றித் தனித்தனியே விசாரிக்கிறது. இந்த ஹெடர் கோப்பு உள்ளதா, இந்தச் செயற்கூறு எந்த லைப்ரரியில் உள்ளது, முழு எண் எத்தனை பைட், பைட் வரிசை எது என்பன போன்ற கேள்விகளுக்குச் சிறு சிறு புரோகிராம்களை எழுதிக் கம்பைல் செய்து, சிலவற்றை ஓட்டியும் பார்த்து விடை காண்கிறது. விடைகள் யாவும் ஒரே கோப்பில் பதிவாகின்றன. மூல நிரல் அந்தக் கோப்பிலிருந்து பிறக்கும் குறியீடுகளையே கேட்கிறது. வால் முதலியோரின் நகைச்சுவையும் அதில் இடம்பெற்றுள்ளது. யூனிஸ் என்னும் போலி யூனிக்ஸில் ஓடவில்லை என்று கண்டால், கான்ஃபிகர் பயனாளருக்கு வாழ்த்துக் கூறும்.

பெயருக்கு அங்கு இடமே இல்லை என்று கொள்ளலாகாது. ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ், சோலாரிஸ் முதலிய ஒவ்வொன்றுக்கும் குறிப்புக் கோப்பு ஒன்று பெர்லில் உண்டு. ஒரு செயற்கூறு லைப்ரரியில் இருந்தும் அதன் வேலை பழுதுடையது என்பது போன்ற, எளிய சோதனைக்குப் புலனாகாத அனுபவங்கள் அக்கோப்புகளில் எழுதப்பட்டுள்ளன. குறிப்பு கூறுவதும் சோதனை கண்டதும் முரண்படுமானால், கான்ஃபிகர் அதனை உரக்க அறிவித்து, எதனைக் கொள்வது என்று மனிதரைக் கேட்கிறது. பெயர் வழியாக வரும் அறிவு ஒரே இடத்தில், காரணத்தோடு, வெளிப்படையாக வைக்கப்படுவதே இம்முறையின் சிறப்பு.

கம்பைல் முடிந்ததும் பணி முடிந்துவிட்டதாகப் பெர்ல் கருதுவதில்லை. முதலில் மினிபெர்ல் என்னும் சிறிய வடிவம் உருவாகிறது; எஞ்சிய பகுதிகளை அமைக்க அதுவே உதவுகிறது. அதன்பின் மொழியோடு வரும் சோதனைத் தொகுதி முழுவதும் ஓட்டப்படுகிறது. நான்காம் படியில் மறைந்திருக்கும் பிழைகள் இங்குதான் அகப்படும்.

1993ஆம் ஆண்டில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லூவா மொழி வேறொரு வழியைக் கைக்கொண்டது. அது பெரும்பாலும் சி நியமத்திற்குட்பட்ட வசதிகளையே பயன்படுத்துகிறது. ஆகவே கேட்டறிய வேண்டிய கேள்விகளே சொற்பம். மாறக்கூடிய அமைப்புகள் லூவாகான்ஃப்.எச் என்ற ஒரே கோப்பில் திரட்டப்பட்டுள்ளன. ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் வசதி சி நியமத்தில் இல்லாததால், பொதுவடிவில் கம்பைல் செய்யும்போது அந்த வசதி மட்டும் விடுபடும்; யாரேனும் அதனைக் கோரினால் அது அமைக்கப்படவில்லை என்ற தெளிவான செய்தி கிடைக்கும். மொழியின் பிற பகுதிகள் குறைவின்றி வேலை செய்யும்.

சோதனையும் தவறக்கூடும்

சோதித்தறியும் முறை குற்றமற்றது என்று கூறுவதற்கில்லை. டேவிட் மெக்கென்ஸி 1991இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்னும் கருவி இம்முறையை எண்ணற்ற புரோகிராம்களுக்குப் பரப்பியது. அவற்றுள் பலவற்றின் சோதனைகள் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. அறிவிக்கப்படாத செயற்கூறை அழைக்கும் பழைய பழக்கம் அச்சோதனைகளிலும் இருந்தது. ஆப்பிளின் கம்பைலர் 2020இலும், கிளாங் 16 பதிப்பு 2023இலும், ஜிசிசி 14 பதிப்பு 2024இலும் இப்பழக்கத்தைப் பிழையென்று மறுக்கத் தொடங்கின. இம்மாற்றம் அவசியமானதே. ஆனால் இதனால் ஒரு புதிய அபாயம் விளைந்தது. வசதி இயந்திரத்தில் இருக்கிறது. சோதனைப் புரோகிராம் தன் சொந்தக் குற்றத்தால் கம்பைல் ஆகவில்லை. ஆகவே வசதி இல்லை என்று சோதனை பதிவு செய்துவிடுகிறது. மொழி யாதொரு பிழைச் செய்தியுமின்றி அமைந்துவிடும். ஆனால் ஏதேனும் ஒரு வசதி குறைந்திருக்கும். ஃபெடோரா, ஜென்டூ முதலிய லினக்ஸ் வெளியீடுகளைப் பராமரிப்போர் இத்தகைய சோதனைகளைத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

இதிலிருந்து சோதனை வேண்டாம் என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. இல்லை என்று வந்த விடையை ஏன் என்று கேட்டு ஆராய வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் படிப்பினை. ஆட்டோகான்ஃப் வகைச் சோதனைகள் தாம் செய்த ஒவ்வொன்றையும், கம்பைலர் தந்த செய்தியோடு சேர்த்து, கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் எழுதி வைக்கின்றன. நிச்சயமாக இருக்கவேண்டிய வசதி இல்லை என்று காட்டப்பட்டால், அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது முதற்கடமை.

ஒரு பொறியில் கம்பைல் செய்து வேறொரு பொறியில் ஓட்டும்போது மற்றொரு சிரமம் எழுகிறது. சோதனைப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தே விடை காண வேண்டிய கேள்விகளுக்கு அங்கு விடை கிடைக்காது. அப்போது விடைகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது இலக்குப் பொறியோடு தொடர்பு ஏற்படுத்தி அங்கேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊகித்து எழுதுவதால் வரும் கேடுகள் முன்னர் கூறப்பட்டவையே.

இந்தியாவில் இதன் அவசியம்

ஆயத்தமாகக் கம்பைல் செய்யப்பட்ட மொழிகளே எங்கும் கிடைக்கும்போது இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வழக்கமான பொறிகளை மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் வரையில் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தியா சொந்தச் செயலிகளை அமைக்கும் முயற்சியில் இறங்கியுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகியவை, 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் டிஐஆர்-வி திட்டத்தையும் அறிவித்தது. டெபியன் லினக்ஸ் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பில்தான் 64 பிட் ரிஸ்க்-வி பொறிகளை முதன்முறையாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. அங்குக் கிடைக்கும் ஆயத்தப் பிரதிகள் தாமாக உண்டானவையல்ல. ஒவ்வொரு மொழியையும் யாரோ ஒருவர் கம்பைல் செய்து, தடைகளைக் கண்டு, திருத்தியதன் பயனாக உண்டானவை.

கெட்சார் பற்றிக் கூறிய உதாரணம் இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. ரிஸ்க்-வி லினக்ஸில் எழுத்து வகை குறை எண்ணை ஏற்பதில்லை. இன்டெல் பொறியில் பிழையின்றி ஓடுவதாகத் தோன்றிய கல்லூரிப் புரோகிராம், இந்திய வல்லுநர்கள் அமைத்த செயலியில் முடிவின்றிச் சுழலக்கூடும். அப்போது செயலியின்மேல் பழி சுமத்தப்படும் அபாயமும் உண்டு. குற்றம் நிரலில் இருப்பதை எடுத்துக்காட்டவல்ல ஆசிரியரும் களப்பணியாளரும் நாடெங்கும் தேவைப்படுகின்றனர்.

இதற்குப் பெரிய பொருட்செலவு வேண்டியதில்லை. லூவா போன்ற ஒரு சிறிய மொழியின் மூல நிரலை லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் கம்பைல் செய்யும் பயிற்சியை ஒரு பருவத்திற்குள் முடிக்கலாம். ஒரே கணிப்பொறிக்குள் இரண்டையும் மெய்நிகர்ப் பொறிகளாக நிறுவிக்கொள்ள முடியும். மாணவர் ஒவ்வொருவரும் முதல் பிழைச் செய்தி, அது எழுந்த படி, காரணம், செய்த திருத்தம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். திருத்தத்தில் இயங்குதளத்தின் பெயர் இடம்பெற்றிருந்தால், அதனை நீக்கி வசதியைச் சோதிக்கும் வடிவில் மாற்ற முடியுமா என்று ஆசிரியர் கேட்க வேண்டும். மாற்ற முடியாதபோது அதன் காரணத்தை நிரலிலேயே குறிப்பாக எழுதச் செய்தல் வேண்டும். ஆய்வுக்கூடங்களில் பௌதிகத்திற்கும் ரசாயனத்திற்கும் வலியுறுத்தப்படும் ஒழுங்கு இதுவே. கணிப்பொறி வகுப்பு அதற்கு விலக்காக இருக்கத் தேவையில்லை.

திருத்தம் திரும்பிச் செல்ல வேண்டும்

கடைசியாகக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. களத்தில் காணப்படும் திருத்தங்களில் பல அந்தந்த அலுவலகப் பொறியிலேயே தங்கிவிடுகின்றன. மொழியின் அடுத்த பதிப்பு வந்தவுடன் அதே தடை மீண்டும் எழுகிறது. முன்னர் திருத்தியவர் மாற்றலாகிப் போயிருப்பார். வேலை முதலிலிருந்து தொடங்கும். இயங்குதளத்தின் பெயர் சுட்டி அவசரமாக எழுதிய நிபந்தனைகளைப் பொது மூலத்தைப் பராமரிப்போர் ஏற்கத் தயங்குவதும் இதற்கு ஒரு காரணம். வசதியைச் சோதித்து எழுதிய திருத்தமோ எல்லாப் பொறிகளுக்கும் பயன்படுமாதலால் எளிதில் ஏற்கப்படுகிறது.

லாரி வால் 1985ஆம் ஆண்டில் பேட்ச் என்னும் புரோகிராமை வெளியிட்டது இத்தேவையைக் கருதியே. பழைய வடிவுக்கும் திருத்திய வடிவுக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் அனுப்பினால் போதும். மறுமுனையில் இருப்பவர் அதனைத் தம் பிரதியில் பொருத்திக்கொள்வார். அனுப்பும்போது இயங்குதளத்தின் பதிப்பு, கம்பைலரின் பதிப்பு, இட்ட கட்டளை, முதல் பிழைச் செய்தி, சோதனைத் தொகுதியின் முடிவு ஆகியவற்றையும் உடன் எழுதுவது முறை. இவையின்றி ‘கம்பைல் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதினால் எவராலும் உதவ இயலாது.

ஓர் அலுவலகத்தில் ஒருவர் ஒரு முறை பொறுமையோடு சோதித்து எழுதி அனுப்பும் திருத்தம், அதே பொறியை வேறோர் இடத்தில் நிறுவவிருக்கும் ஊழியருக்கு ஒரு வார உழைப்பை மிச்சப்படுத்தும். புதிய செயலிகள் பள்ளிகளையும் ஆய்வு நிலையங்களையும் வந்தடையும் முன்னரே இந்தப் பழக்கம் வேரூன்றிவிடுமாயின், அவற்றை முதன்முதலில் இயக்கப் போகும் மாணவர்களுக்குக் கம்பைலரின் மறுப்பு திகைப்பை அளிக்காது. அதற்கான பயிற்சியைப் பாடத்திட்டத்திலும் பணியிடைப் பயிற்சி வகுப்புகளிலும் உடனே சேர்ப்பது கல்வித் துறையினர், விஞ்ஞானத் துறையினர் ஆகிய இருசாராரின் பொறுப்பாகும்.